பாதி உயரம்

தட்டின் மேல் ஏறுவதற்கு முன் அந்த வீராங்கனை செருப்பைக் கழற்றினாள். இடுப்பை வளைத்து அதற்கு ஒரு வணக்கமும் வைத்தாள்.

விளையாட்டு ஆய்வுக்கூடத்தின் ஆய்வாளரான அந்தப் பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். தரையில் பதித்திருந்த அந்த இரும்புத் தட்டு, தன் மேல் நின்று குதிப்பவர் எவ்வளவு எழும்பினார் என்று கணினிக்குச் சொல்லும். அவ்வளவுதான் அதன் பெருமை. ஆனால் காலையிலிருந்து வந்த ஜூடோக்காரர்கள் அத்தனை பேரும் அதைத் தங்கள் பயிற்சிப் பாயாகவே நினைத்துக் குனிந்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

இவள் மற்றவர்களைப் போல இல்லை. இவள் எறிந்தால் ஆள் பறக்கும். பயிற்சிக்கூடத்தில் அதைப் பார்த்த அன்றே ஆய்வாளர் வாயைப் பிளந்துவிட்டார். உயரமாகக் குதிக்கிற கால்தான் உயரமாக எறியவும் செய்யும் என்று நிரூபிக்க அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். இவளைத்தான் மலைபோல நம்பியிருந்தார்.

இடுப்பில் கைவைத்து அவள் குதித்தாள்.

முப்பத்தொரு சென்டிமீட்டர். இன்னொரு தடவை, அதே முப்பத்தொன்று. அடுத்தது அதற்கும் கீழே.

சுமார் ரகம். அவள் தோளைக் குலுக்கிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். ஆய்வாளருக்குக் கருவியின் மேல் சந்தேகம் வந்தது.

சுவரோரப் பெஞ்சில் வீராங்கனையின் அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரே கிளப், ஒரே எடைப் பிரிவு. அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அண்ணி போட்டிகளை விட்டுவிட்டாள், பயிற்சியை விடவில்லை. தினமும் நாத்தனாரிடம் எறி வாங்குவதுதான் அவள் வேலை. நாத்தனார் அண்ணியைத் தூக்கிப் போட்டு அடிப்பதும் அதற்கு வீடே கைதட்டுவதும் இந்தக் குடும்பத்தில் மட்டும்தான் நடக்கும் என்று கிளப்பில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள்.

கருவியைச் சோதிக்க ஆய்வாளர் அண்ணியைக் குதிக்கச் சொன்னார். நான் எதற்கு என்று கூச்சப்பட்டவள், ஆய்வாளர் கெஞ்சிய பிறகு ஏறினாள். அவளும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் ஏறினாள்.

நாற்பத்திரண்டு.

கருவி கெட்டேதான் போய்விட்டது என்று ஆய்வாளர் முடிவு கட்டினார். தானே ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். பதினேழு. எப்போதும் வருகிற அதே மானக்கேடான பதினேழு.

கருவி சரியாகத்தான் இருந்தது.

அவருக்கு ஏதோ பொறி தட்டியது. அன்று பயிற்சிக்கூடத்தில் எடுத்த வீடியோவைத் திறந்து மெதுவாக ஓட்டினார். வீராங்கனை அண்ணியின் சட்டையைப் பிடிக்கிறாள், உடம்பைத் திருப்புகிறாள். அவள் இழுப்பதற்கு ஒரு கண நேரம் முன்பே அண்ணியின் குதிகால் தரையை விட்டு எழும்புகிறது.

அடுத்த எறியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

ஊரே மெச்சிய அந்த உயரத்தில் பாதி, எறி வாங்குகிறவளின் கால் கொடுத்தது.

திரும்பிப் பார்த்தார். அண்ணி பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாற்பத்திரண்டை அழிச்சிடுங்க மேடம். நாளை மறுநாள் போட்டி, அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இப்பப் போய் அவ தன் கையைச் சந்தேகப்படக் கூடாது."

அந்த அறையில் பதிவானதிலேயே உயரமான குதி அது. அதை எப்படி அழிக்க மனம் வரும்? அதைவிட, தினம் தினம் தரையில் விழுந்துகொண்டே ஒருத்திக்கு இவ்வளவு தைரியம் கொடுக்க முடியுமா என்று அவர் வியந்தார். எண்ணை அழிக்கவில்லை. திரையை மட்டும் அணைத்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்று தலையசைத்தார்.

வீராங்கனை துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். அண்ணி வண்டியை எடுக்கக் கீழே இறங்கினாள்.

வீராங்கனை உடனே கிளம்பவில்லை. செருப்பின் வாரோடு தேவையில்லாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"அண்ணியைக் குதிக்க வச்சீங்களா? தட்டுச் சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு."

ஆய்வாளருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அணைந்த திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மேடம். தினம் அந்தச் சட்டையைப் பிடிக்கிற கை இது. மத்தவங்களுக்கெல்லாம் கனம் இருக்கு, அண்ணிக்கு மட்டும் கனமே இல்லைன்னா எனக்குத் தெரியாம இருக்குமா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை.

"அதான் தினம் அவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே கிளப்புக்குப் போய் மணல் மூட்டையை எறிஞ்சுட்டு வந்துடறேன். மூட்டை எனக்காகக் குதிக்காது பாருங்க. இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே எறிஞ்சுட்டேன், கால் எழும்பவே இல்ல. உங்க கணக்கைக் கெடுத்துட்டேன்."

கீழே அண்ணி ஹாரன் அடித்தாள்.

"அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். ஆசை ஆசையா கொடுக்கறாங்க. நான் வாங்கிக்கறேன்."

வந்துட்டேன் அண்ணி என்று கத்திக்கொண்டே அவள் படியிறங்கிப் போனாள்.