அடுத்த லீவு

வாசலில் அப்பாவின் பெரிய செருப்பும், ஒன்றரை வயது நறுமுகையின் பீப்பீ செருப்பும் ஒட்டிக் கிடந்தன.

"லீவு பூரா வீணாப் போச்சு," என்றது பெரியது. "தெருமுனைக் கடைக்குப் போறதுக்கே ஒரு மணி நேரம். எறும்பு போனா நிக்கணும், மழைத்தண்ணி தேங்கியிருந்தா குதிக்கணும்."

"அப்பாவும்தானே குதிச்சார் அண்ணே?" என்றது சின்னது.

"சரி, நாளைக்கு ஆபீஸ். மிச்ச ஆட்டத்தை அடுத்த லீவுல பார்த்துக்கலாம்."

சின்னது மெல்லச் சொன்னது:

"இப்பவே அவ கட்டைவிரல் என் நுனியில இடிக்குது அண்ணே. அடுத்த லீவுக்கு நான் பத்தமாட்டேன்."

காலையில் அப்பா அவசரமாகக் கிளம்பினார். வாசலுக்கு எதிரே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. ஆபீஸ் நாளில் எப்போதும் அதைச் சுற்றிப் போகும் பெரிய செருப்பு, அன்று நேராக அதற்குள் இறங்கியது.