புதருக்குள் போன பந்து

சம்பந்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, விசிலடித்தபடியே புதரை நெருங்கினார். வலது கால் மட்டும் மெல்ல ஆடியது. உள்ளே கிடந்த பந்து ஒன்று உருண்டு வெளியே வந்து, வெட்டிய புல்லில் சமர்த்தாக நின்றது.

மரத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆடிட்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. 'மாட்டினான்!' என்று மனசுக்குள் கூவினார். வேலையில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சந்தேகப்பட்டே பெயர் வாங்கியவர், ஓய்வு பெற்ற பிறகு சந்தேகப்பட ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். மருமகளின் அப்பா வாகாக வந்து சிக்கினார்.

நகராட்சி நடத்தும் சின்ன கோல்ஃப் மைதானம் அது. மொத்தமே ஒன்பது குழி; குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் போடுகிறவருக்கு ஜெயம். கொஞ்சம் ஓங்கி அடித்தால் பந்து பக்கத்துக் குழிக்காரர் தலையில் போய் விழும். சினிமா டிக்கெட்டைவிடக் கட்டணம் குறைவு, மட்டை வாடகைக்குக் கிடைக்கும், செருப்போடு வந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

பையை அவரவரே சுமக்க வேண்டும். அடித்த அடிகளையும் அவரவரே எண்ணிச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது ஏற்பாடுதான் ஆடிட்டருக்கு முதல் நாளிலிருந்தே உறுத்தல். "அவனவன் கணக்கை அவனவனே சொல்லிக்கிட்டா நாடு உருப்படுமா?" என்பார்.

ஆரம்பத்தில் வாராவாரம் ஆடிட்டர்தான் தோற்றுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் வீட்டுச் சாப்பாடும் வாயில் வைக்க விளங்கவில்லை, இஸ்திரி போட்ட சட்டையும் கசங்கியே இருந்தது. சில மாதங்களாக அவர் கை ஓங்கிவிட்டது.

அப்போதுதான் சம்பந்தி எப்போதும் முந்திக்கொண்டு பந்து தேட ஓடுவது அவர் கண்ணில் பட்டது. "முழங்கால் வலியோட நீங்க எதுக்கு சம்பந்தி? இருங்க, நான் பாத்துட்டு வரேன்" என்பார். பேச்சில் தேன் ஒழுகும். இவ்வளவு தில்லுமுல்லு பண்ணியும் தோற்கிறான் என்றால் எவ்வளவு மட்டமாக ஆடுகிறவன் என்று ஆடிட்டர் பரிதாபம்கூடப் பட்டார்.

காலையில் டீ கொண்டுவந்த மருமகளிடம் சொல்லியே விட்டார்.

"உங்கப்பா ஏமாத்தறாரும்மா. இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கப்போறேன். பிடிச்சிட்டேன்னா, அப்புறம் அவர் இந்த வாசப்படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

"விளையாட்டுதானே மாமா..." என்றாள் அவள். குரல் நடுங்கியது. குட்டு உடையப்போகிற பயம், வேறென்ன என்று ஆடிட்டர் டீயை உறிஞ்சினார்.

தனியாக வருகிறவர்களை ஏதாவது ஒரு ஜோடியோடு சேர்த்து அனுப்புவது அந்த மைதானத்தில் வழக்கம். இன்றைக்கு இவர்களோடு சேர்ந்தவர் ஒரு நர்ஸ். டூட்டி முடித்து நேராக வந்தவர், முதல் குழியிலிருந்தே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சாட்சிக்கு வெளியாள் அகப்பட்டதில் ஆடிட்டருக்கு இரட்டைச் சந்தோஷம்.

கடைசிக் குழி இது. ஆடிட்டர் அடித்த பந்தும் சம்பந்தி அடித்த பந்தும் ஒரே புதருக்குள் போய் விழுந்திருந்தன. ஒரு அடி முன்னே பின்னே ஆனாலும் ஆட்டம் கைமாறிவிடும்.

"சம்பந்தி, அந்தப் பந்தைத் தொடாதீங்க! சிஸ்டர், நீங்க கொஞ்சம் இப்படி வாங்க!" ஆடிட்டர் மரத்தை விட்டு வெளியே பாய்ந்தார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

சம்பந்தியின் முகம் செத்துப்போய்விட்டது.

"புதருக்குள்ள கிடந்த பந்து எப்படி வெளிய வந்துச்சு? கால் முளைச்சு நடந்து வந்துச்சா?"

"அது... விட்டுடுங்க சம்பந்தி. ஆடி முடிச்சிட்டுக் கிளம்பலாம்."

"எதுக்கு விடணும்? நான் கண்ணால பாத்தேன். காலால தள்ளினீங்களா இல்லையா?"

"தள்ளினேன்."

"கேட்டுக்கிட்டீங்களா சிஸ்டர்? அவர் வாயாலேயே வந்துடுச்சு! பொண்ணைக் கொடுத்த இடத்துலயே இந்த வேலை! பந்தை எடுத்து அடையாளத்தையும் பாத்துடுங்க. நாளைக்கு யாரும் இல்லைன்னு சாதிக்கக் கூடாது பாருங்க."

"வேண்டாம்மா, எடுக்காதீங்க" என்று சம்பந்தி குறுக்கே வந்தார். அதற்குள் நர்ஸ் குனிந்து பந்தை எடுத்துவிட்டார். பந்து மாறிப்போகாமல் இருக்க அங்கே எல்லோரும் பேனாவால் ஏதாவது ஒரு குறி போட்டு வைப்பார்கள்.

"பச்சை மையில ஒரு டிக் இருக்கு சார்."

"பச்சை மையா?"

"இது உங்க பந்து. ஊதாப் புள்ளி வெச்ச பந்து அவரோடது. அது இன்னும் முள்ளுக்குள்ளதான் கிடக்கு, அதோ."

ஆடிட்டர் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் போட்ட டிக்தான். வாழ்நாளெல்லாம் போட்ட டிக் அவருக்கே தெரியாதா?

"எம் பந்தையா தள்ளினீங்க?"

சம்பந்தி தலையாட்டினார்.

"இத்தனை நாளும் எம் பந்தைத்தானா?"

அதற்கும் ஒரு தலையாட்டல்தான். நர்ஸ் கொட்டாவியை மறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆடிட்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பிடித்த திருட்டு இப்படிக் கைநழுவிப் போனால் யாருக்குத்தான் வராது?

"நான் ஜெயிக்கிறதுல உங்களுக்கு என்னய்யா அவ்வளவு அக்கறை?"

சம்பந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஷூவில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்.

"நீங்க தோத்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் எம் பொண்ணு அழறா, சம்பந்தி."