உப்பு தின்ற பெயர்

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் பழைய கல் மாதா கோயில் சுவரில் பிற்பகல் மூடுபனி சாய்ந்து நிற்கிறது. உள்ளே பளிங்கில் துரைமார் பெயர்கள் சௌக்கியமாக இருக்கின்றன. வெளியே, முழங்கால் உயரத்தில், மரியசூசை ஆணியால் கீறிவைத்த தன் பெயருக்கு முன்னால் அவர் மனைவி இசபெல் அக்கா குந்தியிருக்கிறார். மண்சரிவில் கணவரின் கல்லறையே போய்விட்டது. அக்காவுக்கு மிச்சம் இந்த ஐந்து எழுத்துதான். கல்லில் வெள்ளை பூத்திருக்கிறது. நான் தொட்டதும் முதல் எழுத்து மணலாக விரலில் வருகிறது. காலில் அட்டை ஏறாமலிருக்கச் சுவரோரம் உப்புத் தூவுங்கள் என்று பதினைந்து வருடத்துக்கு முன்பு அக்காவுக்குப் புத்தி சொன்ன மேதாவி நான்தான். கோயிலைக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, காயும்போதெல்லாம் உள்ளிருந்தே அதை உடைக்கிறதாம்; காலையில் வந்த தொல்பொருள் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

“அக்கா, இனி உப்புப் போடாதீங்க. கல்லத் திங்கிதாம்.”

“நீதானே, லியனார்ட்டு, போடச் சொன்ன?”

“எனக்கு அறிவு லேட்டாத்தாங்க வரும்.”

“இப்ப வந்துருச்சாக்கும்?”

உப்புப் பொட்டலத்தை மடித்து என் கையில் தருகிறார். புல் நுனியில் எழுந்து நின்று ஆடிய அட்டை ஒன்று அவர் கணுக்காலில் தொற்றி ஏறுகிறது. நான் குனிகிறேன்.

“விடு, தம்பி,” என்கிறார், பெயரிலிருந்து கண்ணை எடுக்காமல். “குடிச்சிட்டுத் தானா விழுந்துரும்.”