நான்கு வினாடி நிலா

அவள் வாயை முழுதாகத் திறந்த பிறகுதான் பல் டாக்டர் கேள்வி கேட்டார்.

"நீங்க 'தூசிக்கோள்' பாக்குறதுண்டா?"

கீழ்த்தாடை மரத்துக் கிடந்தது. நாக்குக்கு இரண்டு பக்கமும் பஞ்சு. உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய்.

"ஆ" என்றாள்.

டாக்டர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

தூசிக்கோள் ஒரு கார்ட்டூன் தொடர். விண்கலம் பழுதாகி, ஆளில்லாத கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு சிறுமியின் கதை. தொடர் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. பார்த்தவர்களுக்குத்தான் இன்னும் முடிந்தபாடில்லை.

அந்தக் கிரகத்துக்கு இரண்டு நிலா. தொடர் முழுக்க இரண்டுதான். ஆனால் பதினோராவது எபிசோடில், சிறுமி மண்மேட்டின் உச்சியில் ஏறி நிற்கும்போது, நான்கே நான்கு வினாடி, வானத்தில் மூன்று நிலா.

ஏன் என்பது டாக்டருக்குத் தெரியும். டிரில்லை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

சிறுமி எந்தக் கிரகத்துக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். விண்கலம், புழுதிப்புயல், ரோபோ நாய் எல்லாமே கனவு. மூன்றாவது நிலா என்பது ஆபரேஷன் மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கு. நான்கு வினாடி கண் விழித்து அதைப் பார்த்துவிட்டாள்.

இதை அவர் இணையத்தில் அறுபத்திரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். போதாததற்கு, தலைக்கு மேலிருந்த விளக்கை இழுத்து அவள் கண்ணிலேயே அடித்தார்.

"பாருங்க, அச்சு அசல் நிலா மாதிரி இல்ல?"

"ஆ."

"சும்மா இருங்க டாக்டர்" என்றாள் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ். மகனுக்குத் துணையாகத் தொடரைப் பார்க்க உட்கார்ந்து, மகன் விட்டுவிட்ட பிறகும் தான் விடாதவள். "எல்லாம் கனவுன்னு சொல்லிட்டா அந்தப் புள்ள பட்ட பாடெல்லாம் எதுக்கு?"

டிரில் நின்றது. டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். அவர்கள் பேசிய வேகத்திலிருந்தே இது இன்று நேற்று ஆரம்பித்த சண்டை இல்லை என்று தெரிந்தது. நர்ஸ் கை நீட்டிப் பேச, குழாயும் கூடவே போனது. எச்சில் படுத்திருந்தவளின் கழுத்துவரை வழிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழியில்லை.

அந்த நிலாவை வரைந்ததே அவள்தான்.

அந்தத் தொடருக்குப் பின்னணி ஓவியம் வரைந்தவள். படம் அனுப்ப வேண்டிய அன்று, ஒரு நிலா மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் இருக்கட்டும் என்றார் இயக்குநர். இடப்பக்கம் புதிதாக ஒன்றை வரைந்தாள். பழையதை மறைக்க மறந்துவிட்டாள்.

அவ்வளவுதான் ரகசியம்.

"ரெண்டு வரைக்கும்கூட எண்ணத் தெரியாத ஆளு நமக்கு எதுக்கு?" என்று கேட்டு இயக்குநர் அவளை வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து ஷாம்பு பாட்டில்களுக்கு நுரை வரைந்துகொண்டிருக்கிறாள்.

கையை உயர்த்தினாள். "ஆந்... ஆந்தா..."

"வலிக்குதா?" என்று கேட்ட டாக்டர், பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு ஊசியைப் போட்டுவிட்டார். கன்னத்தோடு காதும் பாதி மூக்கும் அவளை விட்டுப் போயின.

"சரி, நீங்கதான் சொல்லுங்களேன்" என்றார் நர்ஸிடம். "மூணாவது நிலா என்ன?"

நர்ஸ் குழாயை ஒழுங்காக மாட்டிவிட்டுச் சொன்னாள்.

"அவ அம்மா. முதல்லேருந்தே கூடவேதான் இருக்கா, கண்ணுக்குத் தெரியாம. புள்ள தானே சமாளிக்கக் கத்துக்கணும்ல? அன்னைக்கு அது மேட்டு மேல ஏறி நின்னதப் பாத்த சந்தோஷத்துல, மறைஞ்சுக்கணுங்கறதையே நாலு செகண்ட் மறந்துட்டா."

"இதுக்கு என்ன ஆதாரம்?"

"பெத்தவளுக்கு எதுக்கு டாக்டர் ஆதாரம்?"

நாற்காலியில் கிடந்தவள் அந்தக் கடைசிச் சொல்லிலேயே நின்றுவிட்டாள். மறந்துட்டா. ஆறு வருடமாக யார் யாரோ என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். வேற்றுக்கிரகத்தின் கண் என்றார்கள், காலம் கிழிந்த ஓட்டை என்றார்கள். மறதி என்ற இடத்துக்கு ஒருவர்கூட வந்து சேரவில்லை.

அவள் கண் கலங்கியது. டாக்டர் மறுபடி ஊசியைத் தேடினார். அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்துத் தடுத்தாள்.

ஒருவழியாகப் பல்லை அடைத்து முடித்தார். வாய் கொப்பளித்தாள். பாதித் தண்ணீர் தொட்டியிலும் மீதி சட்டையிலும் விழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டர் மருந்து எழுதும் தாளையும் பேனாவையும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் முகம் மலர்ந்தது. தன் இணையப் பக்கத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அவள் நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"இஸ்டர், அந்த அம்மா கதைய மொதல்லேருந்து மெல்ல ஒல்லுங்க."

"என்னோடது வேணாமா?" என்றார் டாக்டர்.

"எதுக்கும்மா?" என்றாள் நர்ஸ்.

விளக்கிச் சொல்லும் நிலையில் உதடு இல்லை. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். வந்து எட்டு நாளாகிறது. எட்டு நாளும் தூக்கமில்லை.

நர்ஸ் சத்தமாகப் படித்தாள். அனுப்பியவர் அதே இயக்குநர். தூசிக்கோளின் அடுத்த பாகம் வரப்போகிறது. பெயர், 'மூன்றாவது நிலா'. பழைய வேலை அவளுக்காகக் காத்திருக்கிறது. நாளைக் காலை பதினொரு மணிக்கு, இரண்டாயிரம் ரசிகர்கள் முன்னால், அந்த நிலாவின் உண்மையான அர்த்தத்தை அவளே மேடையேறிச் சொல்ல வேண்டும்.

கடைசி வரிக்கு இயக்குநர் அடிக்கோடு போட்டிருந்தார்.

'இத்தனை வருடம் என்னிடம்கூடச் சொல்லாமல் இந்த ரகசியத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி.'