ஹாக்கோனென் வீடு எது?

படியேறி மூன்றாம் மாடிக்கு வந்த சைலா அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் வீட்டுக் கதவிலிருந்த 'ஹாக்கோனென்' பெயர்த் தகட்டை, கீழ்வீட்டு வெய்க்கோ ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"பாத்தா தெரியலை? உன் பேரைக் கழட்டுறேன்."

"பேரில்லாத கதவு இந்த தம்பெரே ஊர்ல எங்கயாவது உண்டா? எனக்குத் தபால் எப்படி வரும்?"

"உனக்கு வர்ற தபால் லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே!"

சட்டத்தை மீறி ஓநாய்களைச் சுட்ட கும்பலைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருந்தாள் சைலா. அன்றிலிருந்து போன் ஓயவில்லை. ஒரு குரல் சிரிக்கும். ஒரு குரல் ஓநாய் மாதிரி ஊளையிடும். இன்னொன்று, பேங்கிலிருந்து பேசுவதுபோல் அத்தனை பணிவாக, "மேடம், பாப்பா எத்தனை மணிக்கு ஸ்கூல் விட்டு வருவாங்க?" என்று கேட்கும். மகளைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

"நானும் வேட்டைக்காரன்தான். நாங்கல்லாம் திருடங்க, உன் ஓநாய் மட்டும் உத்தமன்!" வெய்க்கோ கடைசித் திருகாணியைப் பிடுங்கினார். "இப்ப எவனோ நம்ம தெரு, கட்டட நம்பரை எல்லாம் இணையத்துல போட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பகுதி வேற வருதாமே?"

"தெரியலை. வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"ம்க்கும்!"

"நான் இங்கேருந்து போயிடணும், அதானே சார் உங்களுக்கு?"

வெய்க்கோ தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

சைலாவுக்கு அழுகை முட்டியது. எவனோ முகம் தெரியாதவன் ஏசினால் போகட்டும். தினம் லிஃப்டில் பார்க்கிற மனுஷனுமா? உள்ளே போய்ப் பத்திரிகை ஆசிரியருக்கு மெயில் அடித்தாள்: 'இரண்டாம் பகுதி வேண்டாம். நிறுத்திவிடலாம்.'

அனுப்பப் போகும்போது, கீழ்வாசல் கண்ணாடி நொறுங்கியது.

"சைலா! வெளிய வாடி!"

பூட்ஸ் சத்தம். ரெண்டு மூணு பேர் இருக்கும். கதவுச் சங்கிலியை மாட்டிவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டாள்.

"வண்டி கிளம்பிடுச்சும்மா. கதவை மட்டும் திறந்துடாதீங்க."

சத்தம் முதல் மாடியைத் தாண்டியது. இரண்டாம் மாடிக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"டேய், இதோ போட்டிருக்கு பாரு, ஹாக்கோனென்! உடைங்கடா!"

சைலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே எப்படி என் பெயர்?

உடைக்கத் தேவையே இருக்கவில்லை. கதவு தானாகத் திறந்தது. வெய்க்கோவின் கட்டைக் குரல் படிக்கட்டெங்கும் அதிர்ந்தது:

"நான்தான்டா சைலா ஹாக்கோனென். ஏன், பத்திரிகைக்காரிக்கு மீசை இருக்கக் கூடாதா? ரெண்டாவது பகுதி ஞாயித்துக்கிழமை வருது, காசு குடுத்து வாங்கிப் படிங்க!"