எதிரணிப் பேச்சாளன்

1936. ஓக்லஹோமா நகர அரங்கில், "கறுப்பர்களையும் வெள்ளையர் கல்லூரியில் சேர்க்க வேண்டும்" என்று வாதாடிய கறுப்பர் கல்லூரி மாணவன் அம்ப்ரோஸ் ஜெயித்துவிட்டான். எதிர்த்துப் பேசித் தோற்றவன் வென்டல். வெள்ளைக்கார நண்பர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"விடுடா. அவனுக்குப் போய்க் கையெல்லாம் கொடுக்காதே!"

வென்டல் கேட்கவில்லை. நேரே போய்க் கையை நீட்டினான்.

"பிரமாதமாப் பேசினே" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா எப்படிடா இருக்காங்க?"

கறுப்பர் குடும்பத்தில் வெளுத்த தோலோடு பிறந்துவிட்ட வென்டல், வெள்ளையன் என்று சொல்லிக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டுப் பக்கமே போனதில்லை.

"போன மாசம் அடக்கம் பண்ணிட்டோம்ண்ணே" என்றான் தம்பி அம்ப்ரோஸ், கையை விடாமல். "அழுதுடாதே. உன் சிநேகிதங்க பாக்கறாங்க. சிரி."

வென்டல் சிரித்தான்.