அரை இஞ்ச்

"பட்டினி வேணாம்டி. அளவாச் சாப்பிட்டு நடந்தா தானாக் குறையும்," என்று தையற்கார அம்மா படித்துப் படித்துச் சொன்னாள்.

"அதுவரைக்கும் யாரு காத்திருப்பா? சட்டையை இன்னும் அரை இஞ்ச் பிடிச்சுக் குடும்மா," என்றாள் மகள். அம்மாவும் மாதாமாதம் பிடித்துப் பிடித்துத் தைத்தாள்.

முப்பத்தொரு கிலோவில் மகள் இறந்துபோனாள்.

அடுத்த வாரம் மருந்துக்கடை மெஷினில் அம்மாவின் எடை ஐம்பத்தெட்டு. வீட்டிலிருந்த மகளின் மெஷினில் எண்பத்தொன்பது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எடை பார்த்த நாட்களைப் போலவே, அம்மா தன்னுடையதைக் கழித்தாள். மீதி முப்பத்தொன்று.

அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்தாள். "மெதுவாச் சாப்பிடு கண்ணு, அவசரமில்ல."

மீதி, வாரம் கால் கிலோ கூடியது.

இன்று காலை முப்பத்தைந்து. அம்மா மகளின் சட்டையை எடுத்து, இரு பக்கமும் தையலை அரை இஞ்ச் பிரித்துவிட்டாள்.